படி

மணல் வண்டி ஓட்டுகிறேன். லாக்வேனில்
எல்லோருக்கும் என்னைத் தெரியும்.
பத்தாண்டுக்கு ஒருமுறை தேவைப்படுகிறவன்,
பல் வைத்தியரைவிடக் கொஞ்சம் பிரியமானவன்.

இங்கே வீடுகள் தாழ்வதில்லை.
பைன் மரக் கால்களில் நிற்கின்றன,
பதினொரு மீட்டர் கீழே
கெட்டி மணலில் குதிகால் ஊன்றி.
தாழ்வது தோட்டம். தாழ்வது தெரு, விளக்குக் கம்பம்,
கோழிக் கூண்டு, சைக்கிள் கொட்டகை,
செர்ரி மரத்தடியில் புதைத்த நாய்.
ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர்.
யாரும் விழுவதில்லை.
வாசல்தான் உயர்ந்துகொண்டே போகிறது.

அலைடா ஃபெர்ஸ்கூர் குடிவந்தபோது ஒரே படி.
இப்போது நான்கு. நான்கும் நான்கு விதக் கல்,
மணலுக்குக் காசில்லாத வருடங்களில்
எது மலிவோ அது.

மண் என்கிறோம். மண் இல்லை அது.
சாவுக்கும் மக்குவதற்கும் நடுவே
தண்ணீர் பிடித்து நிறுத்திய பாசி, நாணல், பிர்ச் இலை.
ஐயாயிரம் வருடத்து ஈரம்.
பிறகு ஒருவன் வந்து வாய்க்கால் வெட்டினான்.
கம்பு விதைக்கத்தான். கெட்டவன் இல்லை.
ஈரம் எழுந்துபோன நாற்காலியில்
காற்று வந்து உட்கார்ந்தது.
காற்றுக்கு நல்ல பசி.

நிலம் இறங்கியது. வாய்க்காலை ஆழமாக்கினார்கள்.
மேலும் இறங்கியது. காற்றாலை வைத்தார்கள்.
அப்புறம் நீராவி, டீசல்,
இரவெல்லாம் முனகுகிற இந்த மின்சாரப் பம்ப்.
கம்பு எப்போதோ போய்விட்டது; புல்லும் பசுவும்தான்.
ஆறு இன்று கரைகட்டி எங்களுக்கு மேலே ஓடுகிறது.
படகுக்காரன் தலையைத் திருப்பினால்
எங்கள் மாடி ஜன்னல், காயாத துணி.

மார்ச்சில் நீர் வாரியக் கூட்டம்.
பத்து சென்டிமீட்டர் நீரை உயர்த்தலாம் என்றாள் பொறியாளர்.
"என் பசுக்களுக்கு நீந்தத் தெரியாது"
என்று எழுந்தார் ஹோசன்.
உயர்த்தாவிட்டால் மரக் கால்களின் தலையைக்
காற்று தின்றுவிடும் என்றான்
போன வருடம்தான் வங்கிக் கடனில் வீடு வாங்கியவன்.
இரண்டும் உண்மை. காபி ஆறிக்கொண்டிருந்தது.
நான்கு சென்டிமீட்டர் என்று முடிவாயிற்று.
யாருக்கும் போதாத எண்,
அதனால் எல்லோரும் கை தூக்கினார்கள்.

நான் வாய் திறக்கவில்லை.
தெரிந்ததைச் சொன்னால் பிழைப்பு என்னாவது?
மணலுக்கு எடை உண்டு.
உயர்த்தவென்று கொட்டுகிறேன்; கொட்டியது அமுக்குகிறது;
அமுங்கியதும் மறுபடி அழைக்கிறார்கள்.
மண் படிகிறது, மனிதர் படி வைக்கிறார்கள்,
இந்த ஊருக்குப் படியளக்கிறவன் நான்.

மே மாதம் அலைடா அழைத்தார்.
முழங்காலில் உலோகம் வைத்து மூன்று வாரம்.
இருபது டன் கொண்டுபோனேன்.
மேல்படியில் உட்கார்ந்து
ஊன்றுகோலால் பின்தோட்டத்தைக் காட்டினார்.
ஆப்பிள் மரத்தடியில் கணுக்கால் அளவு தண்ணீர்.
வடிகால் குழாயில்
ஒரு பச்சை ஸ்வெட்டர் அடைத்திருந்தது.

"முன்பக்கம் மட்டும் கொட்டு, கால் வைக்கிற அளவுக்கு.
பின்பக்கத்தை விட்டுவிடு."
மரம் செத்துவிடுமே என்றேன்.
"சாகும்."
ஹோசன் புகார் கொடுப்பாரே என்றேன்.
"கொடுத்துவிட்டார்."

மூன்று டன் கொட்டினேன்.
ரசீதில் இருபது எழுதத்தான் கை போயிற்று.
மூன்று என்று எழுதினேன்.

கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன்:
நாற்பது நிமிடம் வண்டி நின்ற ஓரப் புல்லில்
இரண்டு சக்கரக் குழி,
அதில் ஏற்கெனவே தண்ணீர்.